மருந்தின் ஊற்று வற்றலாமா?

சிலர் இரத்தத்தை 'பாசிட்டிவ்' என்றும், சிலர் இரத்தத்தை 'நெகட்டிவ்' என்றும் குறிப்பதை நீங்கள் அறிவீர்கள். சிவப்பணுவின் மேல் 'டி' என்னும் ஆன்டிஜென் இருந்தால் பாசிட்டிவ், இல்லையேல் நெகட்டிவ்.

நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறக்கும்போது, குழந்தையின் சிவப்பணுக்கள் சில தாயின் இரத்தத்தில் கலந்துவிடலாம். தாயின் உடல் அவற்றை அந்நியமாகக் கருதி, எதிர்ப்பொருளை உண்டாக்கும். இதையே ஆன்டிபாடி என்கிறோம். முதற்குழந்தைக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால், அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களைக் கருவிலேயே அது அழிக்கத் தொடங்கும்.

1968 முதல் இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. 'ஆன்டி-டி' எதிர்ப்பொருளையே தாய்க்கு ஊசிமூலம் செலுத்தினால், அவர் உடல் தானாக அதை உண்டாக்குவது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது.

இம்மருந்து எங்கிருந்து கிடைக்கிறது? தொடக்கத்தில், இவ்வாறு பாதிக்கப்பட்ட தாய்மாரின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்தார்கள். மருந்து பயன் தரவே அத்தகைய தாய்மார் குறைந்தனர். மருந்தின் வெற்றியே அதன் ஊற்றை வற்றச் செய்தது! எனவே, நெகட்டிவ் இரத்தமுள்ள கொடையாளர்களுக்குப் பாசிட்டிவ் சிவப்பணுக்களை வேண்டுமென்றே செலுத்தி, அவர்களிடமிருந்து பிளாஸ்மா பெறுகிறார்கள்.

"கொடையாளர்கள் இருக்கும்போது ஆய்வுக்கூடம் எதற்கு?" என்று கேட்பாருண்டு. அயர்லாந்தில் 1977-78ஆம் ஆண்டுகளில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே பிளாஸ்மாவில் கலந்திருந்த ஹெபடைடிஸ் சி வைரஸ், இம்மருந்தின் வழியே நூற்றுக்கணக்கான பெண்களைத் தொற்றியது. அப்போது அந்த வைரஸ் கண்டறியப்படவே இல்லை. இன்று சோதனைகள் கடுமையாக உள்ளன. ஆயினும் கொடையாளர் எண்ணிக்கை சிறிதே.

1975இல் கோலரும் மில்ஸ்டைனும் எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரணுவைப் புற்றணுவுடன் இணைத்தார்கள். அந்தக் கலப்பணு ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரந்தது. இரத்தவகை காணும் சோதனைத் துளிகள் இன்று பெரும்பாலும் இம்முறையில் உருவாகின்றன.

மருந்து ஆக்குவதோ கடினம். சோதனைத் தட்டில் எதிர்ப்பொருள் சிவப்பணுவைப் பற்றிக்கொண்டால் போதும். உடலுக்குள்ளோ, பற்றிய அணுவை விழுங்கணுக்கள் அகற்றும்படியும் செய்ய வேண்டும். எதிர்ப்பொருளின் தண்டுப்பகுதியிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் இதைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. எந்த உயிரணுவில் வளர்க்கிறோமோ அதைப் பொறுத்து இச்சங்கிலிகள் மாறும். அதனால்தான், தட்டில் நன்கு செயல்பட்ட பல எதிர்ப்பொருள்கள் மனித உடலில் ஏமாற்றம் அளித்தன.

இந்தியாவில் ஆய்வுக்கூட ஆன்டி-டி பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. பல நாடுகள் இன்னும் கொடையாளரையே நம்பியுள்ளன. கொடையாளருக்கு நாம் நன்றி செலுத்துவோம். ஆனால், கோடிக்கணக்கான தாய்மாரின் பாதுகாப்பைச் சிலரின் கைநரம்பில் மட்டும் நிறுத்தி வைப்பது முறையன்று. பொறுமையான ஆய்வும், மலிவான விலையும் இரண்டும் தேவை.

உயிரியல் படிக்கப் போகும் நண்பரே, முற்றுப்பெறாத இப்பணி உங்களுக்காகவும் காத்திருக்கிறது.