தொண்ணூறுகளைக் குப்பை என்பவர்களுக்கு

"தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எல்லாமே குப்பை. புடைத்த தசை, பெரிய துப்பாக்கி, பளபளக்கும் அட்டை, அவ்வளவுதான்." போன வாரம் ஒரு கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொல்ல, அரங்கமே தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருடமாக இதையே ஒப்பிக்கிறார்கள். இவர்களில் யாராவது 'டூம் பேட்ரல்' படித்திருக்கிறார்களா?

1989 முதல் 1993 வரை கிராண்ட் மாரிசன் எழுதி, பெரும்பகுதியை ரிச்சர்ட் கேஸ் வரைந்த தொடர் அது. கிளிஃப் ஸ்டீல் கார் பந்தய வீரன். விபத்தில் மூளை மட்டும் மிஞ்சியது. இப்போது உலோக உடம்பு, தொட்டால் எதுவும் உறைக்காது. மாரிசன் கதையைத் தொடங்கும்போது அவன் மனநல மருத்துவமனையில் இருக்கிறான். இதில் எங்கே ஐயா தசை?

அங்கேதான் ஜேனைச் சந்திக்கிறான். சிறுவயதில் தகப்பன் செய்த கொடுமையால் 64 ஆளுமைகளாகச் சிதறிய மனம் அவளுடையது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. 30-ஆம் இதழில் அவளை மீட்க அவள் மனதுக்குள்ளேயே இறங்குகிறான். உள்ளே சுரங்க ரயில் ஓடுகிறது. ஓட்டுவதும் அந்த 64 பேரில் ஒருத்திதான். அந்தப் பக்கங்களைப் படித்தவர் வாயில் 'குப்பை' என்ற சொல் வராது.

57-ஆம் இதழ் இன்னும் பயங்கரம். கிளிஃப் உள்ளிட்ட டூம் பேட்ரல் குழுவினரை முடமாக்கிய விபத்துகளைத் திட்டமிட்டவரே குழுத் தலைவர் நைல்ஸ் கோல்டர் என்று தெரியவருகிறது. விபத்து நடந்தால் வீரன் பிறப்பான் என்று காலங்காலமாகக் கதை சொன்ன ஒரு வகைமையை மாரிசன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

1991-இல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது உண்மை. சூப்பர்மேன் சாகும் 75-ஆம் இதழைக் கறுப்பு உறையில் போட்டு விற்றதும் உண்மை. விலை ஏறும் என்று உறையைப் பிரிக்காமலே பூட்டிவைத்தவர்கள் வாசகர்களா? அந்தச் சூப்பர்மேன் இதழும் மாரிசனின் கடைசி டூம் பேட்ரல் இதழும் தாங்கியிருப்பது ஒரே மாதத்தை: 1993 ஜனவரி. வெளியிட்டதும் ஒரே டிசி நிறுவனம். ஒன்றைக் காட்டி மற்றதைப் புதைப்பது என்ன விமர்சனம்?

இந்த விமர்சகர்களுக்கு எண்பதுகளின் 'வாட்ச்மென்' ஒன்று போதும். அதற்குப் பிறகு எல்லாம் சரிவு என்று எழுதிவிட்டுக் கைகழுவலாம். 2019-இல் வந்த டூம் பேட்ரல் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு "கதை தெரியும்" என்பவர்கள் இன்னொரு கூட்டம். மாரிசன் எழுதியவை 45 இதழ்கள். படிக்காமல் தீர்ப்பு எழுதுகிறவருக்கு எந்த மேடையும் கொடுக்காதீர்கள்.