எவ்வளவு? எந்தப் பக்கம்?

ஏழாவது படிக்கும் என் பேத்தி, "அளவு மட்டும் உடையது ஸ்கேலார், திசையும் சேர்ந்தது வெக்டர்" என்று ஆங்கிலத்தில் தடங்கலின்றி ஒப்பித்தாள். நான் கேட்டேன்: "1853ல் நம் நாட்டின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியது. அதே வழியில் ஒரு ரயில் போய்த் திரும்பினால் தூரம் எவ்வளவு? இடப்பெயர்ச்சி எவ்வளவு?"

"இரண்டும் 68, தாத்தா!"

தூரம் 68தான். ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் நிற்கிறது என்பதே இடப்பெயர்ச்சி. அது பூஜ்யம்!

ரயில்வேயில் இருந்தவனுக்கு இது வெறும் பாடமல்ல. வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டரிலேயே ஓடினாலும் ரயிலின் திசை மாறுகிறது. ஆகவே திசைவேகமும் மாறுகிறது. அதற்காகத்தான் அங்கே வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுகிறோம்.

மனப்பாடத்துக்கு முன் இதையல்லவா காட்ட வேண்டும்? பாடம் வேற்றுமொழியில் இருக்கிறதென்று பெற்றோர் ஒதுங்க வேண்டாம். ரயிலில் போகும்போது தமிழிலேயே கேளுங்கள்: "எவ்வளவு? எந்தப் பக்கம்?" முதல் கேள்வியே போதுமானால் ஸ்கேலார், இரண்டும் தேவையானால் வெக்டர். பிறகு புத்தகம் தானே புரியும்.