பட்டறைக்குள் ஏறும் ஓதம்

விவசாயம் நடத்துகிறவர்களில் அநேகர் வீட்டுக் கொல்லையில், மாட்டுக் கொட்டிலை ஒட்டினாற்போல் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கின்றனர். மண்வெட்டிக்குக் காம்பு போடுவதும், அரிவாளைத் தீட்டுவதும், மருந்து தெளிக்கும் கருவியைப் பிரித்துத் துடைப்பதும், தற்காலத்தில் டிராக்டர் கலப்பைக்குக் கொழு மாற்றுவதும் அங்கேதான் நடைபெறுகின்றன. ஆயினும், வீடு கட்டுகையில் கூடத்துக்குக் காட்டும் சிரத்தையில் காற்பங்கேனும் பட்டறைக்கு எவரும் காட்டுவதில்லை. மனையில் பள்ளமான மூலை எதுவோ அதுவே அதற்கு வாய்க்கிறது.

ஐப்பசி மழை தொடங்கியதும் உளியும் அரமும் துருவேறுகின்றன. மரக்காம்புகள் பூசணம் பூக்கின்றன. உடனே கூரைதான் ஒழுகுகிறதென்று தீர்மானித்து, கையிலுள்ள பணம் முழுவதையும் கூரையின் மேல் செலவிடுகின்றோம். இது தவறென்பதே எனது அபிப்பிராயம். இத்தவற்றைச் செய்தவர்களுள் நானும் ஒருவனாகையால் சற்று உரிமையுடன் இதைச் சொல்லுகிறேன். பழைய ஓடுகளை இறக்கிவிட்டு நாகமுலாம் பூசிய தகடு போட்டேன். ஓர் ஆணிக்கண்ணிலும் ஒழுக்கு இல்லை. எனினும் அவ்வருஷம் கார்த்திகையில், மழையே பெய்யாத ஒரு விடியற்காலையில், இழைப்புளியின் மேல் தகட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக ஜலம் விழுந்துகொண்டிருந்தது.

அந்த ஜலம் வானத்திலிருந்து வந்ததன்று. இரவில் தகடு வெகு சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. உள்ளேயிருக்கும் ஈரக் காற்று அதன்மேல் பட்டவுடன், குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் வியர்ப்பதுபோல், நீர்த்துளிகள் உண்டாகின்றன. அப்படியாயின் உள்ளே அவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்ததென்று அறிய வேண்டும். இதற்கு எளிதான பரீட்சை ஒன்றுண்டு. ஒன்றரை அடிச் சதுரமுள்ள பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுவைத்தல் வேண்டும். மறுநாள் தாளின் அடிப்புறம் நனைந்திருப்பின் தரை ஈரம் கக்குகிறதென்றும், மேற்புறம் மட்டும் நனைந்திருப்பின் காற்றிலுள்ள ஈரமே காரணமென்றும் அறியலாம். என் பட்டறையில் அடிப்புறம் தெப்பமாக இருந்தது. தரை கக்கிய ஜலமே மேலே சென்று புதுத் தகட்டிலிருந்து என் கருவிகளின் மேல் விழுந்திருக்கிறது!

தரைக்கு அந்த ஜலத்தைக் கொடுப்பதும் பெரும்பாலும் நாமே. 20 அடி நீளமும் 12 அடி அகலமுமுள்ள ஒரு கூரையின்மேல் ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்யின், சுமார் 2,200 லிட்டர் ஜலம் இறங்கும். இருபுறமும் சரிவுள்ள கூரையாயின் ஒவ்வொரு பக்கத்துச் சுவரடியிலும் ஆயிரம் லிட்டருக்கு மேல் கொட்டுகிறது. அது அங்கேயே ஊறிக் கடைக்காலில் இறங்கி, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கல்லில் ஏறுகின்றது. இவ்விதம் ஓதம் ஏறிய சுவரின் உட்புறம் சிமெண்டு பூசி மறைக்கும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. இதில் பிரயோஜனமில்லை. ஜலம் பூச்சுக்குப் பின்னால் இன்னும் ஒரு முழம் ஏறி, அங்கே உப்புப் பூத்துப் பொரிந்து விழும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. அது சுவரை உலரவிடும்.

ஆகையால் முதற்செலவு சுவரின் வெளிப்புறத்து அடியிலாதல் வேண்டும். கூரை விளிம்பை இரண்டடி வெளியே நீட்டி, அதற்கும் அப்பால் அரையடி வரும்படி சுவரைச் சுற்றிலும் வெளிப்புறம் சரியும் தளம் போட்டு, அதன் ஓரத்தில் வாய்க்கால் எடுத்து, ஜலத்தைத் தென்னைக்கோ கிணற்றடிக் குழிக்கோ விடுவது போதுமானது. புதிதாய்க் கட்டுகிறவர்கள் தரைக்கு ஒன்றரை அடி உயர்த்தி, அந்த மட்டத்தில் சுவரின் முழு அகலத்துக்கும், 1 பங்கு சிமெண்டும் 3 பங்கு மணலும் நீர்புகாச் சரக்குடன் குழைத்து முக்கால் அங்குல கனத்துக்குப் பரப்பிய பின்னரே மேற்சுவர் எழுப்புக. தளம் போடுமுன் மணலின்மேல் கனத்த பாலிதீன் தாள் விரித்தால் தரையின் ஈரமும் அடங்கும். அப்போது ஆகும் செலவு அற்பமே. பிற்பாடு தளத்தை உடைத்துச் செய்வதோ பெருஞ்செலவு.

காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் ஜன்னலை எப்பொழுதும் திறந்துவைப்பதும் தவறு; வெயில் ஏறிய பின் திறந்து, மாலையில் மூடிவிடுதல் நலம். இன்னொன்று: உர மூட்டைகளைப் பட்டறையில் அடுக்குவதை அறவே விட்டுவிட வேண்டும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு இரும்பை அரிக்கும். ஒரு மூட்டை கிழிந்து சிந்தினால் பக்கத்திலுள்ள கருவிகள் ஒரு மழைக்காலத்துக்குத் தாங்கா.

கருவி போனால் வாங்கலாம். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று துளையிடும் யந்திரத்தையோ வெல்டிங் யந்திரத்தையோ ஓட்டுகிறவனுடைய உயிர் அவ்விதமன்று. மின்கம்பியில் கசிவு நேரிட்டால் 30 மில்லிஆம்பியரில் தானே துண்டிக்கும் சாதனத்தைப் பட்டறை இணைப்பில் அவசியம் பொருத்துக. தரை காயும்வரை யந்திரத்தைத் தொடாதிருப்பது அதனினும் மேல்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. குடியானவர் எவ்வளவு ஜாக்கிரதையாகத் தளம் உயர்த்தினும், தெருவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் பழைய சாலைமேலேயே ஜல்லியும் தாரும் கொட்டினால், சில வருஷங்களில் தெரு திண்ணைக்குச் சமமாகிவிடுகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிதாய்ச் சாலையிட வேண்டுமெனத் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் 2021-ஆம் வருஷத்தில் அறிவுறுத்தினார். தெரு வேலை நடக்கும் நாளில் நேரில் நின்று, சாலைமட்டத்தை அளந்து பார்ப்பதும், தெருச் சாக்கடையை ஆவணிக்குள் தூர்வாரச் செய்வதும் அதிகாரிகளால் கூடியதே. பட்டறைக்குரிய மண்வேலையையும் அம்மாதத்திற்குள்ளேயே முடித்துக்கொள்வது உத்தமம். புரட்டாசி பிறந்துவிட்டால் ஆட்கள் நடவுக்குப் போய்விடுவர்.