விருப்பப் பாடம் யார் விருப்பம்?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்ததும் நம் வாகட் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வினா எழுவது வழக்கம்: அடுத்த வகுப்பில் பிள்ளை எந்தப் பாடத்தை எடுப்பது? விடை பெரும்பாலும் வினாவுக்கு முன்னரே ஆயத்தமாக இருக்கும். பக்கத்திலேயே ஹிஞ்ஜவடிக் கணிப்பொறி நிறுவனங்கள் ஓங்கி நிற்கின்றன. தந்தையோ தாயோ அங்கே உத்தியோகம் பார்க்கின்றனர். ஆகவே பிள்ளையும் கணிப்பொறியே பயிலவேண்டும் என்று முடிவாகிவிடுகிறது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாவுக்கு இதில் என்ன பேச்சு என்று அன்பர்கள் எண்ணக்கூடும். விதிகளை வரி விடாமல் படிப்பதே என் தொழில். அப்பழக்கத்தால் பாடத்திட்ட விதிகளையும் படித்தேன், கண்டவற்றைக் கூறுகிறேன்.

விருப்பப் பாடம் என்பது நேற்று வந்த புதுமை அன்று. 1952-இல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டுகள் விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1953-இல் அக்குழு அளித்த அறிக்கை, மானிடவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளைப் பரிந்துரைத்தது. பிள்ளைகளின் நாட்டம் பலவாறாக இருக்கையில் பாடம் மட்டும் ஒன்றாக இருத்தல் தகாது என்பதே அதன் உட்பொருள். பல்நோக்குப் பள்ளிகள் தோன்றின. ஆனால் அவற்றில் கற்பிக்கத் தக்க ஆசிரியர் போதிய அளவில் அமையவில்லை. பின்னர் 1984-இல் 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறிகளை அரசு வழங்கியபோதும், இயந்திரம் வந்த வேகத்தில் ஆசிரியர் வந்தாரில்லை. ஆதலின் பாடத்தின் பெயரைக் கேட்குமுன் அதைக் கற்பிப்பவர் யார் என்று கேட்டறிதல் நலம்.

நிற்க. மத்திய வாரியப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புக்குரிய பாடங்களுள் கம்ப்யூட்டர் சயன்ஸ், இன்பர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ், இன்ஜினியரிங் கிராபிக்ஸ் என்னும் மூன்றும் நம் பொருளுக்கு உரியவை. முதலிரண்டிலும் பைதான் என்னும் நிரல் மொழியே கற்பிக்கப்படுகிறது. முன்னது நிரல் அமைப்பிலும் கணிப்பொறி வலையமைப்பிலும் ஆழ்ந்து செல்வது. பின்னது தரவு அட்டவணைகளைக் கையாளுவதில் கருத்துச் செலுத்துவது. இவ்விரண்டில் ஒன்றையே ஒரு மாணவர் எடுக்கலாம். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டுள்ளன.

நிரல் எழுதுதல் என்பது விசைப்பலகையைத் தட்டும் வேலை அன்று. எண்ணத்தை வரிசைப்படுத்தும் வேலை. 1985-இல் புதுதில்லியில் ரயில் முன்பதிவு கணிப்பொறிக்கு மாறியது. அதற்கு முன் எல்லாம் பேரேட்டிலேதான். எந்த இருக்கையை யாருக்கு ஒதுக்குவது, ஒருவர் பயணத்தை ரத்துச் செய்தால் அடுத்து யாரை ஏற்றுவது என்னும் ஒழுங்கைக் காகிதத்தில் தெளிவாகச் சொல்ல முடிந்ததனாலேயே அதை இயந்திரத்துக்கும் சொல்ல முடிந்தது. இவ்வொழுங்கில் இன்பம் காணும் பிள்ளைக்குக் கணிப்பொறிப் பாடம் கரும்பாகும். அல்லாத பிள்ளைக்கு வேம்பாகும்.

மூன்றாவதாகிய வரைபடப் பாடத்தை நம்மவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கணிப்பொறியே வரைந்துவிடும் காலத்தில் இது எதற்கு என்கின்றனர். ஒரு பொருளை முன்புறம், மேற்புறம், பக்கவாட்டு என மும்முகமாகக் கண்டு, மூன்றையும் மனத்தில் ஒன்றாக்கும் ஆற்றலை எந்தத் திரையும் தானே தருவதில்லை. மறையாணி, தாங்கி, குழாய் இணைப்பு, கப்பி என்று இப்பாடத்தில் வருவன யாவும் கைக்கு அகப்படும் பொருள்கள். பெரம்பூரில் 1955 முதல் இயங்கிவரும் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகும் ஒவ்வொரு பெட்டியும் முதலில் வரைபடமாகவே பிறக்கிறது. காகிதம் போய்த் திரை வந்தது உண்மை. பார்க்கும் கண் பயிற்சி பெற்றதாக இருக்கவேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. வரைவதில் நாட்டமுடைய பெண் பிள்ளைகளுக்கும் இதைப் பரிந்துரைக்கத் தயங்கவேண்டியதில்லை.

ஒரு பாடத்தை ஏற்கும்போது எதை விடுகிறோம் என்பதே யாவரும் மறக்கும் கணக்கு. மகாராஷ்டிர வாரியத்தில் 'பைஃபோகல்' என்னும் தொழிற்பாடமாகக் கணிப்பொறியை எடுப்போர்க்கு அது 200 மதிப்பெண் பாடம். அதன்பொருட்டு இரண்டாம் மொழியையும் வேறொரு பாடத்தையும் விடுகின்றனர். இம்மாநிலத்திலேயே வேரூன்றி வாழப்போகும் பிள்ளைக்கு மராத்தி கைநழுவிப் போதல் சிறிய இழப்பன்று.

ஊர் திரும்பிப் பொறியியல் பயில எண்ணுவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்குரிய தரவரிசை, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கணிக்கப்படுகிறது. கணிப்பொறியில் நூற்றுக்கு நூறு வாங்கினும் அவ்வரிசையில் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. ஆகவே வரைபடமும் கணிப்பொறியும் சேர்த்து எடுக்கும் ஆவலில் வேதியியலைக் கைவிடலாகாது. வெளிமாநிலத்தில் பயின்ற தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் பிறப்பிடச் சான்றிதழ் கேட்கப்படும் என்பதையும் நினைவிற்கொண்டு, விடுமுறைக்கு ஊர் செல்லும்போதே அதற்கான ஏற்பாட்டைத் தொடங்குதல் நன்று. மாற்றல் உத்தரவு எப்போதும் வரக்கூடிய வேலையில் உள்ளோர், போகும் ஊர்ப் பள்ளியில் அப்பாடம் உண்டா என்பதையும் விசாரித்துக்கொள்க.

இத்தனையும் விசாரித்தபின் பிள்ளையை அருகில் அமர்த்தி, "உனக்கு எது பிடிக்கிறது?" என்று கேளுங்கள். பாடத்தின் பெயரிலேயே விருப்பம் என்னும் சொல் இருக்கிறது. அது நம் விருப்பத்தைக் குறித்ததன்று. இரண்டாண்டுகள் அப்புத்தகத்தோடு வாழப்போவது பிள்ளையே அன்றி நாம் அல்லோம்.