பழைய புத்தகத்துக்கு விலை சொல்லுமா கம்ப்யூட்டர்?

வீட்டுக்கு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்ததும் பலர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பரணில் கிடக்கும் தாத்தா காலத்துப் புத்தகத்தின் பெயரை கூகுளில் டைப் செய்து விலை பார்ப்பது! எங்கோ ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் என்று போட்டிருப்பார். அன்று முதல் நம் வீட்டுப் புத்தகமும் நாற்பதாயிரம் ஆகிவிடும்.

அது விற்பவர் கேட்கும் தொகை, அவ்வளவுதான். அந்தத் தொகைக்கு யாராவது வாங்கியிருந்தால் புத்தகம் இன்னும் பட்டியலில் இருக்குமா?

2011-ல் அமேசானில் நடந்ததைக் கேளுங்கள். 'தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை' என்பது 1992-ல் வந்த உயிரியல் நூல். அதன் புதுப் பிரதியை இரண்டு பேர் விற்பனைக்குப் போட்டு, விலை வைக்கும் வேலையை சாஃப்ட்வேரிடம் விட்டிருந்தார்கள். ஒருவரின் புரோகிராம் அடுத்தவர் விலையில் 0.9983 மடங்கு வைத்தது. அடுத்தவருடையது இவர் விலையைப் போல் சுமார் 1.27 மடங்கு வைத்தது. இப்படியே ஏறி, ஏப்ரலில் விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டியது. பழைய பிரதிகளோ சுமார் 35 டாலருக்கே கிடைத்தன!

எனவே, விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். இபே தளத்தில் புத்தகத்தைத் தேடியபின், ஃபில்டர் பகுதியில் 'சோல்ட் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால் அண்மையில் விலைபோனவை மட்டும் வரும். (இபேயின் இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்டுவிட்டது. டாட் காம் தளத்துக்குச் செல்லவும்.) சாதபீஸ், கிறிஸ்டீஸ் ஏல நிறுவனங்களின் தளங்களிலும் பழைய ஏல முடிவுகள் உண்டு. அந்தத் தொகையில் வாங்குபவர் கட்டும் கமிஷனும் பொதுவாகச் சேர்ந்திருக்கும். விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு.

ஒப்பிடும்போது நம் கையில் இருப்பதும் அதே புத்தகம்தானா என்று பாருங்கள். பழைய நூலை ஸ்கேன் செய்து இன்று அச்சிடும் மறுபதிப்புகளுக்கும் சிலர் 1894 என்றே ஆண்டு போடுகிறார்கள். நம் பழைய நூல்கள் சிலவற்றில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவது, ஜாக்கிரதை. இன்னொன்று, புத்தக வியாபாரத்தில் 'குட்' என்றால் நல்ல நிலை என்று அர்த்தமில்லை. நன்கு புழங்கித் தேய்ந்தது, ஆனால் பக்கங்கள் முழுசாக இருக்கின்றன என்று பொருள். 'வெரி குட்', 'ஃபைன்' எல்லாம் அதற்கு மேலே.

பழைய புத்தகக் கடைக்காரர் இதில் பாதி கொடுத்தாலும் என் கணக்கில் அது அநியாயம் இல்லை. அவர் வாடகை கட்டி, வாங்க ஆள் வரும்வரை வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. கணவரின் அலமாரியைக் காலி செய்யும் ஒரு பாட்டியிடம், பையில் செல்போனுடன் போய், விலை தெரிந்துகொண்டே எடைக்கு எடை வாங்கி வருகிறார்களே, அதை எப்படி சாமர்த்தியம் என்பது? தெரிந்த விலையைச் சொல்லிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதுகு, பூச்சி அரித்த இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு மூன்று கடைக்காரர்களுக்கு இ-மெயிலில் அனுப்புங்கள். கிழிந்த பக்கத்தில் செலோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்!