விசையும் விரலும்

குமுளிக் கடைத்தெருவில் ஏலமும் மிளகும் வாங்கும் பிரயாணிகள் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துவதையே நூதனமென்று வியக்கும் நாம், அதற்கு வெகுகாலம் முன்னரே, 2007-ஆம் ஆண்டிலேயே, நறுமணப் பொருள் வாரியம் வண்டன்மேட்டிலும் மலையடிவாரப் போடிநாயக்கனூரிலும் ஏலக்காயைக் கூவி ஏலமிடும் சம்பிரதாயத்தை மாற்றி, வியாபாரிகளைக் கணினியின்முன் அமர்த்திவிட்டதை நினைப்பதில்லை. உரத்த குரலுக்கும் முகதாட்சண்யத்துக்கும் இடம் குறைந்தது, நியாயமே. எனினும் வண்டன்மேட்டை அடுத்த புற்றடி ஏலக்கூடத்தில், விசையை அழுத்துமுன், வியாபாரி மாதிரிக் காய்களைக் கையில் கொட்டி, நிறமும் பருமனும் நோக்கி, முகர்ந்த பின்னரே விலை கேட்கிறார். இந்தப் பரீட்சையையும் யந்திரத்திடம் ஒப்படைக்கலாமென்று எவரேனும் யோசனை கூறினால் எனக்கு அது சற்றும் சம்மதமன்று. எட்டு மில்லிமீட்டர்க் காயைச் சல்லடையே பிரித்துத் தந்துவிடும், பழஞ்சரக்கு கலந்திருப்பதையோ அனுபவப்பட்ட மூக்குத்தான் கண்டுபிடிக்கிறது.