பாம்புக்கடி மருந்து: விலை குறைவாக இருந்தால் மட்டும் போதுமா?

புதுதில்லி: பாம்புக்கடியால் ஏற்படும் மரணங்களையும் உடல் ஊனங்களையும் 2030-ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைப்பது என்ற இலக்குடன், தேசிய செயல் திட்டம் ஒன்றை மத்திய சுகாதார அமைச்சகம் 2024 மார்ச் மாதம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்குமாறு மாநிலங்களை அந்த அமைச்சகம் கேட்டுக்கொண்டது. இலக்கு இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. ஆனால், உயிர் காக்கும் விஷமுறிவு மருந்தின் தரத்துக்கும், அது கிராமம் வரை போய்ச் சேர்வதற்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அதில் நேரடியான விடை இல்லை.

நாட்டில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். வீடு வீடாகச் சென்று இறப்புக்கான காரணங்களைக் கேட்டறிந்து தயாரிக்கப்பட்ட மதிப்பீடு இது. அரசு மருத்துவமனைகளின் பதிவேடுகளில் காணப்படும் எண்ணிக்கை இதில் மிகச் சிறிய பகுதிதான். இறந்தவர்களில் கால் பங்குக்கும் அதிகமானோர் 15 வயதுக்கு உள்பட்டவர்கள். பிகார், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா, உத்தரப் பிரதேசம், தெலங்கானா உள்ளிட்ட ஆந்திரம், ராஜஸ்தான், குஜராத் ஆகிய பகுதிகளில்தான் சுமார் 70 சதவீத மரணங்கள் நிகழ்ந்துள்ளன.

ரயில் விபத்தில் 50 பேர் இறந்தால் அவை ஒத்திவைக்கப்படுகிறது. அமைச்சரின் பதவி விலகல் கோரப்படுகிறது. பாம்புக்கடியில் அன்றாடம் 150-க்கும் அதிகமானோர் இறந்தாலும், வரப்பிலும் குடிசையிலும் ஒருவர் ஒருவராக இறப்பதால் அது அரசியல் பிரச்னையாக உருவெடுப்பதில்லை. பிகாரின் சாரண் தொகுதி உறுப்பினர் ராஜீவ் பிரதாப் ரூடி 2024 ஜூலையில் மக்களவையில் இதை எழுப்பியபோது, ஆண்டுக்கு 30 லட்சம் முதல் 40 லட்சம் பேர் வரை கடிபடுவதாகவும், அவர்களில் சுமார் 50 ஆயிரம் பேர் இறப்பதாகவும் குறிப்பிட்டார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்து கிடைக்கச் செய்யக் கோரும் மனு மீது, மத்திய, மாநில அரசுகளுக்கு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நோட்டீஸ் அனுப்பியது.

குப்பியின் விலையும் சிகிச்சையின் செலவும்: விஷமுறிவு மருந்து தயாரிக்கும் முறை, அடிப்படையில் நூற்றாண்டுக்கு முந்தையதுதான். பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பு அணுக்களைப் பிரித்தெடுத்துச் சுத்திகரித்துக் குப்பியில் அடைக்கின்றனர். இந்தியாவில் நாகப்பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய 4 பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவான மருந்தாக இது தயாரிக்கப்படுகிறது. கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாத நிலையிலும் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது இதன் பெரிய நன்மை.

அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இது இடம்பெற்றிருப்பதால், இதன் உச்சவரம்பு விலையை தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முடிவு செய்கிறது. பிற நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியக் குப்பியின் விலை மிகக் குறைவு. ஆனால், ஒரு குப்பியால் யாரும் பிழைப்பதில்லை. சிகிச்சை நெறிமுறைப்படி தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகள் செலுத்த வேண்டும். விரியன் கடியில் 20 குப்பிகள் வரைகூடத் தேவைப்படுகின்றன. குதிரையின் உடலில் வேறு காரணங்களால் உருவான எதிர்ப்பு அணுக்களும் மருந்தில் கலந்திருப்பதே இதற்கு முக்கியக் காரணம். குப்பியில் உள்ளதில் ஒரு சிறு பங்கு மட்டுமே பாம்பின் விஷத்தை முறிக்கிறது. மீதமுள்ளவற்றால் பயன் இல்லை என்பதோடு, கடுமையான ஒவ்வாமையும் ஏற்படக்கூடும். அந்த அச்சத்தினாலேயே, மருந்து கையிருப்பில் இருந்தும் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடும் வழக்கம் கிராமப்புற சுகாதார நிலையங்களில் இருக்கிறது. வழியில் கழியும் நேரமே பல உயிர்களைப் பறித்து விடுகிறது.

எனவே, மலிவு என்பதைக் குப்பியின் விலையைக் கொண்டு அளப்பது சரியல்ல. ஓர் உயிரைக் காக்க மொத்தம் எவ்வளவு செலவாகிறது என்பதே உண்மையான அளவுகோல். இரு மடங்கு விலை உள்ள மருந்து 5 குப்பிகளில் பலன் தருமானால், 20 குப்பிகள் தேவைப்படும் மருந்தைவிட அதுவே மலிவானது.

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் விஷம்: மருந்துக்குத் தேவையான விஷத்தின் பெரும்பகுதி, தமிழகத்தில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்திடமிருந்தே நெடுங்காலமாகப் பெறப்பட்டு வருகிறது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டதால் வாழ்விழந்த இருளர்களுக்காக ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978-இல் தொடங்கப்பட்டது இச்சங்கம். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாடு முழுவதற்குமான மருந்து இவர்களின் உழைப்பை நம்பியிருக்கிறது என்பது பெருமைக்குரியது, கவலைக்கும் உரியது.

ஒரே இனப் பாம்பாயினும், வாழும் நிலப்பகுதிக்கும் உண்ணும் இரைக்கும் ஏற்ப அதன் விஷத்தின் தன்மை மாறுபடும். தமிழகக் கடலோரப் பாம்பின் விஷத்தைக் கொண்டு தயாரித்த மருந்து, ராஜஸ்தான் பாலைவனத்திலோ வங்கத்திலோ அதே அளவு வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் காணப்படும், படத்தில் ஒற்றை வட்டம் கொண்ட நாகம், ராஜஸ்தானின் சிந்து கட்டு விரியன், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒருவகைக் குழிவிரியன் ஆகியவற்றுக்கென்று தனி மருந்தே இங்கு தயாரிக்கப்படுவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த கார்த்திக் சுனகர் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சந்தையில் உள்ள மருந்துகள் இத்தகைய பாம்புகள் சிலவற்றின் விஷத்தைப் போதுமான அளவு முறிக்கவில்லை என்று தெரியவந்தது.

பொருந்தாத மருந்தின் விளைவை ஆப்பிரிக்கா ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. கானா நாட்டில், முன்பிருந்த மருந்துக்குப் பதிலாக இந்தியாவில் தயாரான மருந்து பயன்படுத்தப்பட்டபோது, பாம்புக்கடி நோயாளிகளின் இறப்பு விகிதம் 1.8 சதவீதத்திலிருந்து 12.1 சதவீதமாக உயர்ந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கான நல்ல மருந்து ஒன்றைத் தயாரித்து வந்த பிரான்ஸ் நாட்டின் சனோஃபி நிறுவனம், 2014-இல் அந்த உற்பத்தியை நிறுத்தியது. மலிவான மாற்று மருந்துகளோடு போட்டியிட முடியாததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. விலையை மட்டும் பார்க்கும் சந்தையில் தரமான மருந்து நிலைப்பதில்லை என்பதே இதில் உள்ள பாடம்.

நிறுவனங்களுக்கு என்ன ஆதாயம்?: விலைக்கு உச்சவரம்பு ஒருபுறம், மிகக் குறைந்த விலை கோருபவருக்கே ஆர்டர் தரும் மாநில அரசுகளின் ஒப்பந்தப்புள்ளி முறை மறுபுறம். இந்த நிலையில் புதிய விஷங்களைச் சேகரித்து, வீரியம் கூட்டிய மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்துக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. வாங்கும் திறனற்ற ஏழைகளே இதன் நோயாளிகள் என்பதால், தனியார் சந்தையும் கைகொடுக்காது. ஆகவே நிறுவனங்களைக் குறை கூறிப் பயனில்லை. அரசு எதற்குப் பணம் தருகிறதோ அதையே அவை தயாரிக்கின்றன.

வட்டாரத்துக்கு ஒரு மருந்து என்ற யோசனைக்கு எதிர்ப்பும் உண்டு. சந்தை துண்டாகி விலை ஏறும். ஒரு மாநிலத்தில் தட்டுப்பாடு ஏற்பட்டால் வேறு மாநிலத்திலிருந்து அனுப்ப இயலாது என்ற வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. இப்போதைய பொது மருந்திலேயே பல வட்டாரப் பாம்புகளின் விஷத்தையும் சேர்த்துக்கொள்வது ஒரு நடுவழி. அதற்கும் பல மாநிலங்களில் விஷம் சேகரிக்க வேண்டும். வட்டார விஷ மையங்கள் அமைக்கப்படும் என்று தேசிய செயல் திட்டம் கூறுகிறது. ஆனால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பு பிடிக்க அனுமதி தர வேண்டியது வனத்துறை. மருந்தின் தரத்துக்குப் பொறுப்பு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. வாங்கி விநியோகிக்க வேண்டியது மாநில சுகாதாரத் துறை. மூன்றையும் இணைக்கும் அதிகாரமும் நிதியும் உள்ள அமைப்பு இல்லாவிடில் மையங்கள் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஆய்வுக்கூடங்களிலிருந்து நம்பிக்கையூட்டும் செய்திகள் வருகின்றன. பல பாம்புகளின் நரம்பு விஷத்தை முறிக்கும் செயற்கை எதிர்ப்பு அணு ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து பெங்களூரு விஞ்ஞானிகள் 2024-இல் உருவாக்கினர். ஒரு மனிதரின் ரத்தத்திலிருந்து பெறப்பட்ட 2 எதிர்ப்பு அணுக்களுடன் ஒரு வேதிமருந்தைச் சேர்த்து, 19 வகைப் பாம்புகளின் விஷத்திலிருந்து எலிகளை முழுமையாகவோ பகுதியாகவோ காப்பாற்றியதாக 2025-இல் மற்றோர் ஆய்வு வெளியானது. குதிரையே தேவைப்படாத காலம் ஒரு நாள் வரலாம். ஆனால், இவ்விரண்டும் நாகம், கட்டு விரியன் குடும்பத்துக்கு உரியவை. இந்தியாவில் அடையாளம் தெரிந்த கடிகளில் மிக அதிகப் பங்கு கண்ணாடி விரியனுடையது. 2030 இலக்குக்குப் பழைய முறை மருந்தைச் செம்மைப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்குப் பணம் இல்லை என்று கூற முடியாது. பாம்புக்கடி மரணத்தை மாநிலப் பேரிடராக 2018-இல் அறிவித்த உத்தரப் பிரதேச அரசு, இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. உயிரோடு இருக்கும்போது சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள மருந்து கிடைக்காதவருக்கு, இறந்த பின் லட்சங்கள் கிடைக்கின்றன. இழப்பீடு தேவைதான், அதில் ஒரு பகுதியையாவது முன்கூட்டியே மருந்துக்குச் செலவிடுவது அதைவிடத் தேவை.

பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பது உண்மை. எனினும், குழந்தைகளுக்கான தடுப்பூசிகளை மத்திய அரசே மொத்தமாக வாங்கி மாநிலங்களுக்கு வழங்குகிறது. விஷமுறிவு மருந்துக்கும் அதே வழியைக் கடைப்பிடித்து, வட்டார விஷங்களுக்கு எதிராகச் சோதிக்கப்பட்ட மருந்தைப் பல ஆண்டுகளுக்கு வாங்குவதாக உறுதி அளித்தால், தரத்தை உயர்த்தும் நிறுவனத்துக்கும் ஆதாயம் இருக்கும். அதோடு, கிராமப்புற மருத்துவர்களுக்கு ஒவ்வாமையைக் கையாளும் பயிற்சி அளிக்கப்பட்டால்தான் குப்பி நோயாளியின் உடலைச் சென்றடையும்.

பாம்புக்கடி மரணங்களில் பாதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நிகழ்கின்றன. நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடரும் அந்த மாதங்களில்தான் நடைபெறுவது வழக்கம். எந்த மாநிலத்தில் எத்தனை குப்பிகள் கையிருப்பில் உள்ளன, அவை அந்த மாநிலத்துப் பாம்புகளின் விஷத்தை முறிக்கின்றனவா என்ற இரு கேள்விகளை ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் கேட்டுப் பதில் பெற்றாலே, செயல் திட்டம் செயலாகத் தொடங்கிவிடும்.